இட்டேரி ஓட்டத்துக்கு ஜீரோ டிராப் ஷூ சரிவருமா?

வாசகர் கேள்வி: வணக்கமுங்க. எனக்கு வயது 41. சென்னிமலைப் பக்கம் தறி வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக ஓடுகிறேன். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தார் ரோடு, அப்புறம் வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடமான இட்டேரி, மேய்ச்சல் நிலமான கொறங்காட்டு ஓரம், கடைசியில் கீழ்பவானி வாய்க்கால் மேடு. ஞாயிற்றுக்கிழமை 15 கி.மீ. வரும். இப்போது போடுவது குதிப்பக்கம் தடிமனான ரோடு ஷூ. இறக்கத்தில் முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துவிட்டன. கூட ஓடும் நண்பர், "மெத்தை இல்லாத ஜீரோ டிராப் ட்ரெயில் ஷூ வாங்கு. நாமெல்லாம் சின்ன வயசில் செருப்பில்லாமல் காட்டில் ஓடினவங்கதானே, முன்பாதத்தில் ஓடினால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். ஆறு வாரத்தில் 21 கி.மீ. மலை ஓட்டம் ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். எந்த ஷூ வாங்கட்டும்?

இயன்முறை மருத்துவர் பதில்:

வணக்கமுங்க. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரத்தில் வரும் ஓட்டத்துக்குப் புது ஷூ வேண்டாம், பழையதிலேயே ஓடுங்கள். நகத்துக்கும் முழங்காலுக்கும் காசு செலவில்லாத வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஜீரோ டிராப் வாங்கும் யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அது அடுத்த வருட ஓட்டத்துக்கான ஷூ.

உங்கள் நண்பர் இரண்டு சங்கதியை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார். கடைகளிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். டிராப் வேறு, மெத்தை வேறு. ஷூவுக்குள் உங்கள் குதிகால் தரையிலிருந்து 32 மி.மீ. உயரத்திலும், முன்பாதம் 22 மி.மீ. உயரத்திலும் இருந்தால் டிராப் 10. சாதாரண ரோடு ஷூக்களில் இது பெரும்பாலும் 8 முதல் 12 வரை இருக்கும். குதியும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருந்தால் டிராப் ஜீரோ, அவ்வளவுதான். அந்த ஒரே உயரம் எவ்வளவு என்பதை ஜீரோ என்ற சொல் சொல்வதில்லை. ஆல்ட்ரா கம்பெனியின் ஒலிம்பஸ் சுமார் 33 மி.மீ. தடிமன், லோன் பீக் 25, சுபீரியர் 21. மெரல் ட்ரெயில் குளோவ் 14க்குப் பக்கம், அதே கம்பெனியின் வேப்பர் குளோவ் 6க்குப் பக்கம். மாடலின் புதிய பதிப்பு வரும்போது இதில் ஓரிரு மி.மீ. கூடும், குறையும். ஐந்தும் ஜீரோ டிராப்தான். ஆனால் முதலாவதற்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசம், இலவம்பஞ்சு மெத்தைக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் சமமாகத்தான் இருக்கும். படுத்தால் தெரியும்.

உங்கள் வாசலில் கிடக்கிற ரப்பர் செருப்பும் கிட்டத்தட்ட ஜீரோ டிராப்தான் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அப்பா காலத்து டயர் செருப்பும் அப்படியே. மெக்சிகோ மலைகளில் நாள்கணக்கில் ஓடுவதற்குப் பேர்போன ராராமுரி மக்களும் பழைய டயரில் வெட்டிய செருப்பைத்தான் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆக, இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை.

இரண்டையும் ஏன் பிரிக்கிறேன் என்றால், இரண்டுக்கும் விலை கொடுக்கிற இடம் உடம்பில் வேறு வேறு. டிராப் குறைந்தால் வேலை கெண்டைக்காலுக்கும், அதன் கீழே கயிறு மாதிரி இறங்கிக் குதிகாலில் சேரும் குதிநரம்புக்கும் போகும். குதி கீழே இறங்க இறங்க அந்தக் கயிறு கூடுதலாக இழுபடும். முழங்காலுக்குக் கொஞ்சம் பாரம் குறையலாம் என்பது உண்மைதான். அதனால்தான் முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பிடித்துப்போகிறது. ஆனால் அது ஒரு கடனை இன்னொரு கடன் வாங்கி அடைப்பது மாதிரி. கெண்டைக்காலுக்குக் கட்டும் திராணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடனை அங்கே மாற்ற வேண்டும். மெத்தை குறைந்தால் விலை கொடுப்பது பாதத்தின் நீள எலும்புகளும் உள்ளங்கால் தோலும். அங்கே உங்கள் கால் எப்படிப்பட்டது என்பதைவிட உங்கள் ஊர் மண் எப்படிப்பட்டது என்பதுதான் கணக்கு.

உங்கள் வழியை எனக்கு நன்றாகத் தெரியும். ஈரோட்டிலிருந்து அந்தப் பக்கம் நானே பல வருடம் ஓடியிருக்கிறேன். இட்டேரியில் வண்டித் தடம் இரண்டு பக்கமும் பள்ளமாக, நடுவில் புல்மேடாக இருக்கும். தடத்தில் மண் பூப்போல மிதக்கும். நாலு எட்டு வைத்தால் வெங்கச்சாங்கல் துருத்திக்கொண்டிருக்கும், வெள்ளை வெளேரென்று, உடைந்த கண்ணாடிபோல முனை வைத்துக்கொண்டு. கொறங்காட்டு ஓரம் வந்தால் வேலியில் கிளுவை, உள்ளே வெள்வேல். மாடு மேயும் காடு என்பதால் மரத்தடியில் காய்ந்த முள் எப்போதும் உதிர்ந்து கிடக்கும். சீமைக்கருவேலம் ஏறின பள்ளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆறேழு வருடத்துக்கு முன்னால், மெலிந்த அடி வைத்த ஜீரோ டிராப் ஷூ ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், ஷூ மேல் குற்றமில்லை. மூன்றாவது ஓட்டத்திலேயே வேலாமுள் ஒன்று அடியில் ஏறி, உள்ளே ஒடிந்து நின்றுவிட்டது. வெளியே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி. உள்ளே கைவிட்டுத் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. ஷூவை மாட்டி நின்றாலும் குத்தாது. ஓடும்போது, அந்த இடம் சரியாக ஒரு கல்மேல் பட்டால் மட்டும் ஊசி ஏற்றினாற்போல ஒரு குத்து. கல் குத்துகிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் ஓடினேன். வீட்டுக்கு வந்து ஷூவை எதிர்ப்பக்கம் மடித்துப் பிடித்தபோதுதான் முள்முனை அரிசிக்குருணை அளவு எட்டிப் பார்த்தது. மாமனார் இடுப்புக் கயிற்றில் கோத்து வைத்திருந்த முள்வாங்கிதான் அதை எடுத்தது. "இந்த ஷூவுக்கு இத்தனை காசா மாப்பிள்ளை? நம்ம டயர் செருப்பு தேவலைங்க" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு ஒன்று கவனித்தேன். முள் ஏறியிருந்தது, தரையைப் பிடிக்க ஷூவின் அடியில் துருத்தியிருக்கும் ரப்பர் பல்லில் இல்லை, இரண்டு பல்லுக்கு நடுவே இருந்த மெல்லிய இடத்தில். ஷூவின் தடிமன் என்று கம்பெனி போடும் எண்ணில் பெரும்பாலும் பல்லின் உயரமும் சேர்ந்திருக்கும். 14 மி.மீ. என்று போட்டிருந்து பல் 4 மி.மீ. என்றால், நடுவில் இருப்பது 10தான். அதில் உள்ளே போடும் இன்சோலும் சேர்த்தியா இல்லையா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் எண்ணை நம்பாதீர்கள். ஷூவைத் திருப்பிப் பிடித்து, பற்களுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தி, மறுகையை உள்ளே விட்டு, அழுத்தம் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். சுளுவாகத் தெரிந்தால் அது வாய்க்கால் மேட்டுக்கு ஆகும், கொறங்காட்டுக்கு ஆகாது.

சரி, சின்ன வயதில் செருப்பில்லாமல் ஓடிய கதை. நீங்கள் ஓடினீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் அப்போது உங்கள் எடை 30 கிலோ இருந்திருக்கும், ஓடியது நாள் பூராவும் விட்டு விட்டு. இப்போது 70ஓ 75ஓ கிலோவோடு, பத்து மணி நேரம் தறிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, காலையில் ஒரே மூச்சாக ஒன்றரை மணி நேரம் ஓடுகிறீர்கள். அந்தப் பாதத்தின் தோலும் தசையும் முப்பது வருடத்தில் பழக்கம் விட்டுப்போயிருக்கும். 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பழகிய ஓட்டக்காரர்கள் 36 பேரில் ஒரு பகுதியினரை 10 வாரத்தில் விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவுக்கு மாற்றி, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மாறியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கோவை கூடியிருந்தது. எலும்பு தாங்கும் அளவைத் தாண்டிப் பாரம் ஏறுகிறது என்பதற்கு அது அடையாளம். 10 வாரத்திலேயே அப்படி. உங்களிடம் இருப்பது ஆறு.

முன்பாதத்தில் ஓடுவது பற்றி நண்பர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வடகென்யாவில் காலம் காலமாகச் செருப்பில்லாமல் வாழும் டாசனாச் மக்களை ஓடவிட்டுப் பார்த்தபோது, அவரவருக்குத் தோதான வேகத்தில் பெரும்பாலோர் குதிகாலைத்தான் முதலில் வைத்தார்கள். வேகம் கூடியபோதுதான் சிலர் மாறினார்கள். வேண்டுமென்றே நுனிக்காலில் குதித்து ஓடி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கால் எப்படி விழுகிறதோ விழட்டும், ஒவ்வொரு எட்டின் நீளத்தை மட்டும் குறுக்குங்கள்.

முழங்காலுக்கு அதுதான் மருந்து. நிமிடத்துக்கு எத்தனை காலடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 160 வந்தால், அதே வேகத்தில் 168 ஆக்குங்கள். அடி கூடினால் எட்டின் நீளம் தானாகக் குறையும். கால் உடம்புக்கு முன்னால் வெகுதூரம் போய் விழாது, முழங்கால் முன்பக்கம் படுகிற பாரம் குறையும். இறக்கத்தில் இன்னும் குறுக்குங்கள். படியில் தண்ணீர்க் குடத்தோடு இறங்குகிறவர்கள் வைக்கும் எட்டு மாதிரி. இதை இன்றைக்கே, பழைய ஷூவிலேயே தொடங்கலாம்.

நகத்துக்கும் மெத்தைக்கும் சம்பந்தமில்லை. இறக்கத்தில் பாதம் ஷூவுக்குள் முன்னால் வழுக்கிப்போய் விரல் முனையில் இடிக்கிறது. ஷூ ஒரு சைஸ் சிறிதாக இருக்கலாம், அல்லது கயிறு தளர்ந்திருக்கலாம். பெரும்பாலான ரோடு ஷூக்களில் கணுக்கால் பக்கம் கடைசியாக ஒரு ஓட்டை கூடுதலாக இருக்கும். யாரும் அதைத் தொடுவதில்லை. கயிற்றை அந்த ஓட்டையில் அதே பக்கத்திலேயே வெளியிலிருந்து உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் சின்னக் காது மாதிரி வளையம் வையுங்கள். அப்புறம் இடது கயிற்றை வலது வளையத்திலும், வலதை இடதிலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் கப்பென்று உட்கார்ந்துவிடும். நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இனி ஷூ. வாங்குவதற்கு முன்னால் வீட்டிலேயே மூன்று சோதனை செய்யுங்கள். முதலாவது, குதிகால் தரையில் பதிய, குத்துக்கால் வைத்து உட்கார முடிகிறதா? மேல்நாட்டுக் கக்கூஸ் வந்ததிலிருந்து நாற்பதைத் தாண்டிய பலருக்கு இது போய்விட்டது. இரண்டாவது, பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே அரைச் சாண், அதாவது 10 செ.மீ. விட்டு நின்று, குதி தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொட முடிகிறதா? மூன்றாவது, ஒற்றைக்காலில் நின்று, மெதுவாக 25 தடவை குதி உயர்த்தி இறக்க முடிகிறதா? மூன்றும் முடிந்தால் ஜீரோ உங்களுக்கு ஒத்துவரும். முதல் இரண்டும் முடியவில்லை என்றால் 4 மி.மீ. டிராப் உள்ளதில் ஒரு ஜோடி தேய்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அப்படித்தான் இறங்கினேன்.

சோதனையில் தேறிவிட்டால் உங்களுக்கு நான் சொல்வது ஜீரோ டிராப், தடிமன் 20 முதல் 25 வரை. மேலே சொன்னதில் சுபீரியர், லோன் பீக் போன்ற வகை. இந்தப் பெயர்தான் வேண்டும் என்றில்லை, இந்த அளவில் எது காலுக்குப் பொருந்துகிறதோ அது. "மெத்தை இல்லாதது" என்று நண்பர் சொல்லும் 6 மி.மீ. சாமான் வாய்க்கால் மேட்டில் பயிற்சிக்கு நல்லது, கொறங்காட்டில் வாரம் ஒரு முள் எடுக்க வேண்டிவரும். முன்பாதத்துக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து வருகிற ஷூக்கள் உண்டு, ராக் பிளேட் என்பார்கள். நம் கல்லுக்கும் முள்ளுக்கும் அது இருந்தால் கூடுதல் நிம்மதி, ஆனால் நடுப்பாதத்தையும் குதியையும் பல ஷூக்களில் அது மூடாது. பல் 3, 4 மி.மீ. போதும். மூன்று கிலோமீட்டர் தார் ரோட்டில் போய்த்தான் மண்ணை மிதிக்கிறீர்கள். சேற்றுக்கென்று செய்த 6 மி.மீ. பல் தாரில் தேய்ந்தே போகும், நம் பக்கம் சேறு வருடத்தில் எத்தனை நாள்?

கடைக்குச் சாயங்காலம் போங்கள், பகலெல்லாம் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரலோ பெருவிரலோ ஓரத்தைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்த ஷூவை வைத்துவிட்டு வாருங்கள், போடப்போட இளகும் என்று விற்பவர் சொன்னாலும். செருப்பிலேயே வளர்ந்த நம் பக்கத்துக் கால் முன்பக்கம் விரிந்த கால், கூர்மையான மூக்குள்ள ஷூ அதற்கு ஆகாது. முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். மேல்துணி வலை ரொம்பவும் பெரிய கண்ணாக இருந்தால் புழுதியும் நாயுருவி விதையும் உள்ளே போய் சாக்ஸைக் கெடுக்கும். இது சின்ன விஷயம், ஆனால் பத்தாவது கிலோமீட்டரில் சின்னதாகத் தெரியாது.

வாங்கியதும் ஓட வேண்டாம். முதல் இரண்டு வாரம் தறிப்பட்டறையிலும் கடைத்தெருவிலும் போட்டு நடங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள், வாய்க்கால் மேட்டில் மட்டும், பத்து நிமிடம். மீதி ஓட்டம் பழைய ஷூவில். இந்தப் பத்து நிமிடம் உங்கள் வழக்கமான ஓட்டத்தில் கழித்துக்கொள்வது, கூட்டுவது இல்லை. பலரும் தவறுவது இங்கேதான். வாரத்துக்கு ஐந்து நிமிடம் ஏற்றுங்கள். மறுநாள் படி இறங்கும்போது கெண்டைக்கால் கெட்டியாகப் பிடித்தால் அந்த வாரம் ஏற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழு ஓட்டமும் புது ஷூவில் என்ற நிலைக்கு வர நாலு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னிமலை 1320 படியையும் அதற்கப்புறம்தான் புது ஷூவில் ஏற வேண்டும். படியில் குதி வெளியே தொங்கும்போது குதிநரம்பு படும் பாடு சாதாரணமில்லை.

இரண்டு வலியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் எழுந்து வைக்கிற முதல் சில அடிகளில் குதிநரம்பு பிடித்து இழுத்து, அது நாளுக்கு நாள் கூடினால் பழைய ஷூவுக்குத் திரும்புங்கள். புறங்காலில், விரல்களுக்குப் பின்னால் உள்ள எலும்பில், ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் சுள்ளென்று வலித்தால் ஓட்டத்தையே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நம்பி ஓடிவிடாதீர்கள். இந்த மயிர்க்கோட்டு முறிவு முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். சர்க்கரை பார்த்திருக்கிறீர்களா? சர்க்கரை இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், முள் ஏறியதே தெரியாமல் புண்ணாகும். அப்படியானால் மெல்லிய அடியுள்ள ஷூ என்ற பேச்சுக்கே இடமில்லை, நான் சொன்ன 20 மி.மீ. கூட டாக்டரைக் கேட்டுத்தான்.

மலைப் பயிற்சிக்காகச் சத்தியமங்கலம் பக்கம் காட்டுத்தடத்தில் ஓடலாமா என்று யோசித்தால், வேண்டாம். அது புலிகள் காப்பகம், அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். விடிகாலையில் யானை எதிரே வந்தால் எந்த டிராப்பும் உதவாது.

சர்க்கரை எண்ணையும், சுவர்ச் சோதனையில் எத்தனை செ.மீ. வந்தது என்பதையும் எழுதுங்கள், இரண்டு காலுக்கும் தனித்தனியாக. இடதும் வலதும் இரண்டு செ.மீ.க்கு மேல் மாறினால் ஷூக்கடைக்குப் போகும் முன்னால் ஒருமுறை நேரில் வந்துவிட்டுப் போங்கள். வரும்போது பழைய ஷூவையும் எடுத்து வாங்க, அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.